பானை உடையவில்லை

சாவிலும் வாழ்வின் வெறுமையிலும் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் தேடிப் போக வேண்டாம், அதுவே வந்து நிற்கும். எனக்குச் சுடுகாட்டில் வந்தது.

அப்பா எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். பானை, தேங்காய், தர்பூசணி, ஒருமுறை பீரோவைக்கூட. அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு பொருள் பார்த்து வாங்கத் தெரியாது என்பது அப்பாவின் பதினைந்து வருட மனக்குறை. அவர் போன அன்று கொள்ளிக்குடத்துக்குப் பானை வாங்கப் போனது அதே அத்தான்தான். வேறு ஆள் இல்லை.

ஐப்பசி மழை, எங்கும் சேறு. தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட வேண்டும். போட்டேன். 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பக் கூடாதே, அப்படியே நின்றேன். மயானத்தில் வேலை செய்யும் பெரியவர் குரல் கேட்டது:

"நல்ல பானைங்க. இப்பல்லாம் இப்படி வர்றதில்ல. எங்க வாங்குனீங்க?"

அத்தான் மெனக்கெட்டு வழி சொல்ல ஆரம்பித்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, லெப்ட்ல..." சித்தப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடுவெளிச் சித்தர் பாட்டில் வரும் ஆண்டி, நாலும் ஆறுமாகப் பத்து மாதம் குயவனிடம் கெஞ்சி வாங்கிய தோண்டியைக் கூத்தாடிப் போட்டுடைக்கிறான். தோண்டி என்பது இந்த உடம்பு. சின்ன வயதில் குதித்துக்கொண்டே பாடிய பாட்டு அது. வள்ளுவரும் லேசுப்பட்டவர் இல்லை: நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை 336-ஆம் குறளில் உலகத்தின் 'பெருமை' என்கிறார். அந்தச் சொல்லில் இருக்கும் நக்கல் எனக்கு அப்பா போன பிறகுதான் காதில் விழுந்தது.

இதனால் துக்கம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த சில மாதங்கள் காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

பானையைச் சேற்றிலிருந்து எடுத்துக் கல்மேல் போட்டுத்தான் உடைத்தோம். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"மாப்பிள்ளை முதல் தடவையா நல்ல பொருளா வாங்கியிருக்கார். பாக்கத்தான் அவர் இல்ல."