வங்கிக்கு நெருக்கடி வந்தால் என் டெபாசிட் என்னாகும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரே தனியார் வங்கியில் 9 லட்சம் ரூபாய் எஃப்.டி. போட்டிருக்கிறேன். அந்த வங்கி தடுமாறினால், ரிசர்வ் வங்கி நோட்டு அடித்துக் கொடுத்தாவது காப்பாற்றாதா? இப்போதே பணத்தை எடுத்துவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு எடுக்காதீர்கள் அம்மா, வட்டிதான் குறையும். கையில் ரொக்கம் மட்டும் போதாத வங்கிக்கு, அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும். வாராக்கடனில் மூலதனமே கரைந்துபோன வங்கிக்கு அந்தக் கடன் போதாது. அப்போது பணம் எடுக்க வரம்பு வைத்து, வேறு வங்கியோடு இணைத்துவிடுவார்கள்.

கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு அதுதான் நடந்தது. 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய் வரம்பு வந்தது. 27ஆம் தேதி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. டெபாசிட் முழுசாகக் கிடைத்தது. பங்குகளும், சுமார் 318 கோடி ரூபாய் டியர்-2 பத்திரங்களும் (வங்கி தன் மூலதனத்துக்காக விற்கும் கடன் பத்திரங்கள், டெபாசிட் அல்ல) பூஜ்யமாயின.

என் கவலை அந்தப் பத்திரங்களைப் பற்றித்தான். "அதே வங்கிதான் மேடம், எஃப்.டி.யைவிட வட்டி அதிகம்" என்று விற்க வருவார்கள். யெஸ் வங்கியின் இதே மாதிரியான டியர்-1 பத்திரங்களை 'சூப்பர் எஃப்.டி.' என்று சொல்லி விற்றதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே கண்டறிந்தது. 2020 மார்ச்சில் 8,400 கோடி ரூபாய்க்கு மேல் ரத்தானது. தாளில் 'பெர்பெச்சுவல்' (முதிர்வுத் தேதி இல்லாதது), 'டியர்-1', 'டியர்-2' என்று எது இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பவர் கமிஷனோடு போய்விடுவார்.

இணைக்க வங்கி கிடைக்காவிட்டால் காப்பீடு உண்டு: வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. 1993இல் வைத்த 1 லட்சம் வரம்பை உயர்த்த 2020 வரை ஆனது! விலைவாசி அதுவரை காத்திருந்ததா? பணம் எடுப்பதை முடக்கினால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்ற சட்டமும் 2021இல்தான் வந்தது.

இந்த 5 லட்சம், ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து. நான்கு கிளையில் பிரித்துப் போட்டாலும் பயனில்லை. ஆனால் கூட்டுக் கணக்கு வேறு. உங்கள் பெயரில் மட்டும் உள்ளது ஒரு கணக்கு. 'நீங்கள், கணவர்' என்பது இன்னொன்று. வரிசையை மாற்றி 'கணவர், நீங்கள்' என்றால் அது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5 லட்சம். பெயர் வரிசை ஒன்றாகவே இருந்தால், எத்தனை ரசீது இருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். எஃப்.டி. முதிரும்போது, வட்டிக்கும் இடம் விட்டு 4 லட்சம் தனியாக, 4 லட்சம் 'நீங்கள், கணவர்' என்று, மீதியை 'கணவர், நீங்கள்' என்று போடுங்கள்.

நிதி நிறுவனங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. காப்பீட்டு பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. அதனால் 'க்ளெய்ம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேரே உங்கள் கிளைக்குப் போய், காப்பீட்டுத் தொகை வேண்டும் என்று கேட்கும் விருப்பப் படிவத்தைக் கொடுங்கள்.