மக்கிப்போன தேக்கு அலமாரிக் காலை வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரியின் கால்கள் அடியில் மக்கிவிட்டன, ஆசாரி இரண்டு அங்குலம் வெட்டிவிடலாம் என்கிறார், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

ரங்கூனில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அலமாரி இருக்கிறது. எறும்பு ஏறாமலிருக்கக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோம் இல்லையா, அதுதான் வினை. காலின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். தேக்கின் வைரப்பகுதி நெடுநாள் தாங்கும். ஓரத்து வெளிறிய பகுதி தாங்காது.

முதல் தடவை நான் மழைக்காலத்திலேயே மக்கு (மரத்தில் குழி அடைக்கும் பசை) அடைத்தேன். உள்ளே ஈரம் இருந்ததால் அடுத்த மழைக்குள் அது கட்டியாகப் பெயர்ந்து வந்துவிட்டது. இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. மரம் லேசில் உலராது. தீபாவளி கழியட்டும். அப்புறம் அலமாரியைக் கவிழ்த்து, நிழலில் காற்றாடச் சில வாரம் வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

உலர்ந்ததும் ஊசிமுனையால் குத்திப் பாருங்கள். பொடியாக உதிர்வதை மட்டும் தூரிகையால் தட்டி எடுங்கள். மெத்தென்று இருந்தாலும் வடிவம் கெடாத மரத்தை விட்டுவையுங்கள்; அதை இறுக வைக்கலாம். பழம்பொருள் காப்பவர்கள் பயன்படுத்தும் பேரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீத அளவுக்குக் கரைத்து, வெட்டுமுனை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் அசிட்டோன் மெதுவாக ஆவியாகி, பிசின் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். காய்ந்த பிறகு இன்னும் இரண்டு மூன்று முறை. பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பழைய அரக்கு பாலிஷில் ஒரு சொட்டு பட்டாலும் அது கரைந்துவிடும், கவனம்.

குழி விழுந்த இடத்துக்கு எபாக்ஸிப் பசையில் தேக்குத் தூள் கலந்து அடைக்கலாம். எபாக்ஸியைப் பின்னால் பிரிக்க முடியாது. ஆனால் அடியில் அந்தப் பேரலாய்டு பிசின் பூச்சு இருந்தால் அசிட்டோனால் இளக்கிக் கழற்ற வழி இருக்கும்.

பாரம் தாங்க முடியாத அளவுக்குப் போன காலுக்கு மட்டும் சாய்வாக வெட்டி, ரேகை ஒத்த பழைய தேக்குத் துண்டை ஒட்டுப்போடச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்ட வேண்டும். மேலே கழன்ற மூட்டுகளுக்கு வஜ்ஜிரம் (ஆசாரிகள் காய்ச்சி ஒட்டும் தோல் பசை) போதும், ஈரம் படும் காலடிக்கு ஆகாது.

கிண்ணத்தை விட வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி ஒரு கல்லை உள்ளே வைத்து, அதன் மேல் காலை நிறுத்துங்கள்.