வர்ணம் பாடினால் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: வயது 42. இரண்டு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். வர்ணம் என்ற பயிற்சி உருப்படியில், பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவி வந்தாலே மூச்சு முட்டுகிறது. பிராணாயாமம் செய்தால் சரியாகுமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உங்களிடம் மூச்சு குறைவாக இருக்காது, வீணாகிறது என்றே நினைக்கிறேன். கண்ணாடி முன் உட்கார்ந்து பாடிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது தோள் மேலே ஏறினால் நெஞ்சின் மேல்பகுதியில்தான் காற்று நிற்கிறது. மல்லாந்து படுத்து வயிற்றில் கையை வையுங்கள். கை உயர வேண்டும், தோள் அசையக் கூடாது.

அப்புறம் 'ஸ்ஸ்' என்று சீராக விட்டபடி ஆதி தாளம் போடுங்கள். அதன் ஒரு சுற்றான எட்டு அட்சரமும் (எண்ணிக்கையும்) ஒரே அழுத்தத்தில் வந்தபின் ஒன்றரை ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒன்றரைச் சுற்றுக்குப் போகலாம்.

அகாரத்தையும், அதாவது 'ஆ' என்று பாடுவதையும் கவனியுங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் 'ஹா ஹா' என்று தள்ளினால் காற்று அதிலேயே போய்விடும். 'ஆ' அறுபடாமல் ஓடட்டும். ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசையை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) இப்படிப் பாடுவதுதான் நான் கொடுக்கும் மருந்து. மாணவர்களுக்குச் சலிப்புதான், என்ன செய்ய!

மூச்சு எடுக்கும் இடங்களைப் பாட்டு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சொல் முடியும் இடம், கார்வையின் (நீட்டி நிறுத்தும் இடத்தின்) கடைசி. சொல்லை உடைக்காதே என்று அதட்டும் ஆசிரியர்களான நாங்கள், எங்கே எடுப்பது என்று பல நேரம் சொல்லித் தருவதில்லை. முழுவதும் காலியாகும்வரை இழுக்காமல் முன்னாலேயே எடுங்கள். இடைவெளி குறைவென்றால் வாயால் சத்தமின்றி எடுக்கலாம், தப்பில்லை.

மாடிப்படி ஏறினாலும் இளைக்கிறதா? அப்படியென்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.