தோண்டிய மண்ணில் தீவு எழுப்பலாமா? வாசகர் கேள்வி – பதில்

சுரங்கங்களிலும் அடித்தளங்களிலும் தோண்டி எடுக்கும் மண்ணைக் கொண்டு நீர்நிலைகளில் தீவு அமைப்பது பற்றி, பழைய வடாற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சென்னையில் மெட்ரோ சுரங்கத்து மண்ணை லாரி லாரியாக ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள். வெளிநாடுகளில் இத்தகைய மண்ணைக் கொட்டித் தீவுகளே அமைத்திருக்கிறார்களாமே? மெரினாவுக்கு எதிரே அப்படிச் சில தீவுகள் எழுப்பினால் மண்ணைப் போடவும் வழி பிறக்கும், நகருக்கும் இடம் கிடைக்கும் அல்லவா, ஐயா?
– வாசகர், காட்பாடி

பதில்: அமைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகச் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நோத்ர தாம் என்னும் தீவு எழுப்பப்பட்டபோது, அங்கே அப்போது தோண்டப்பட்டுவந்த மெட்ரோ சுரங்கத்தின் பாறையும் அதற்குப் பயன்பட்டது. நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்துக்காக வெட்டிய மண் ஹட்சன் ஆற்றோரத்தில் நிரப்பப்பட்டு, இன்று 92 ஏக்கரில் இருக்கும் பேட்டரி பார்க் சிட்டி குடியிருப்பின் ஒரு பகுதியாயிற்று. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுக வாயிலில், நகரத்துக் கட்டுமானங்களின் உபரி மண்ணைக் கொண்டு லினெட்டெஹோல்ம் என்னும் புதுநிலம் உருவாக்க அந்நாட்டு நாடாளுமன்றம் 2021இல் ஒப்புதல் அளித்தது. அவ்வளவு தூரம் போகாமல் கொச்சிக்கு ரயில் ஏறினாலும் போதும். துறைமுகத்துக்காக வேம்பநாட்டுக் காயலை ஆழப்படுத்தியபோது தூர்வாரிய மண்ணைக் குவித்து, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் 1920களிலும் 1930களிலும் உருவானதுதான் வில்லிங்டன் தீவு.

இந்த நான்கு இடங்களையும் வரைபடத்தில் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். இவற்றுள் எதுவும் திறந்த பெருங்கடலின் அலையை நேராக வாங்கும் இடத்தில் இல்லை. ஆறு, காயல், துறைமுக வாயில் என்று ஏதோ ஒருவகையில் ஒதுக்கமான நீரில்தான் இவை இருக்கின்றன. சென்னைக் கடற்கரையோ வங்கக் கடலை முகத்துக்கு நேரே எதிர்கொண்டு நிற்பது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. 1876இல் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கிய பிறகு, வடக்கே போகவேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா இன்று இவ்வளவு அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். அதே காரணத்தால்தான் இராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்து, மீனவர் குடியிருப்புகள் பல தலைமுறைகளாக வீட்டையும் தெருவையும் இழந்துவந்தன. கரைக்கு எதிரே ஒரு தீவை எழுப்பினால் அதுவும் ஓர் அலைத்தடுப்புச் சுவரைப் போலவே வேலை செய்யும்: அதன் நிழலில் அலை தணிந்து மணல் சேரும், அதற்கு வடக்கே மணல் வரத்துக் குறைந்து கரை அரிக்கும், ஏற்கெனவே மணல்மேடிட்டு அடைபடும் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் இன்னும் எளிதில் தூர்ந்துபோகும். நகருக்குக் கிடைக்கும் இடத்தின் விலையை, அந்த இடத்தில் ஒருநாளும் குடியிருக்கப்போகாத வடசென்னை மீனவர் கொடுக்க நேரும் என்பதால், இந்த யோசனையை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

மண்ணைப் போட வழி பிறக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். பத்து மீட்டர் ஆழமுள்ள நீரில், நீர்மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டர் உயரத்துக்கு, ஒரே ஒரு ஹெக்டேர் பரப்புள்ள தீவு எழுப்ப 1,40,000 கன மீட்டர் மண் வேண்டும். நூறு கன அடியை ஒரு யூனிட் என்னும் நம் ஊர் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 49,500 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் அள்ளினால் 16,500 நடை. இது தீவின் பக்கங்கள் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. மண் அப்படி நிற்காது, சரிவாகத்தான் நிற்கும். ஓரடி உயரத்துக்கு மூன்றடி சரிவு என்று வைத்தால், அந்தச் சரிவுகளுக்கே இன்னொரு மடங்குக்குச் சற்று மேலான மண் தேவைப்படும். ஆகவே மண் செலவாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தச் சரிவை அலை அரிக்காமல் காக்கும் கருங்கல் சுரங்கத்திலிருந்து வராது. அதற்காக எங்கேயோ ஒரு குன்றை உடைத்தாக வேண்டும்.

கேள்வி: நான் கட்டடப் பணிகளை மேற்பார்வை செய்பவன். மனைக்கு மண் அடித்து மூன்று மழைக்காலம் விட்டாலும் தரை இறங்குகிறது. தண்ணீருக்குள் கொட்டிய மண் மேல் எப்படிக் கட்டடம் நிற்கிறது?
– வாசகர், ஆரணி

பதில்: சரியான இடத்தைத் தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் தீவின் எல்லையைச் சுற்றிக் கற்களால் கரை எழுப்பி, அதற்குள்தான் மண்ணை நிரப்புவார்கள். நிரப்பும் மண் மணலாகவோ உடைந்த பாறையாகவோ இருந்தால் நீர் விரைவில் வடிந்து இறுகிவிடும். களிமண்ணாக இருந்தால் அதன் நுண்ணிய துளைகளிலிருந்து நீர் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தரை இறங்கிக்கொண்டேயிருக்கும். அதனால் களிமண் படுகையில் நெருக்கமாகத் துளையிட்டு, மணல் நிரப்பிய வடிகால்களை இறக்கி, மேலே கூடுதல் மண்பாரம் ஏற்றி நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் ஜப்பானில் ஒசாகா விரிகுடாவில் 1994இல் திறக்கப்பட்ட கான்சாய் விமான நிலையத் தீவு, கட்டத் தொடங்கியதிலிருந்து பத்து மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. 2018 செப்டம்பரில் வீசிய புயலில் கடல்நீர் அதன் ஓடுபாதைமேல் ஏறியது. அங்கே பாரம் தாங்காமல் முதன்மையாக இறங்கியது கொட்டிய மண்ணைவிட, அதற்கு அடியில் இருந்த கடலடிக் களிமண்தான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அருகிலுள்ள கோபே நகரத்தின் கதை உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. நகரத்துக்குப் பின்னாலிருந்த மலைகளைக் குடியிருப்புகளுக்காக வெட்டி, அந்த மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் போர்ட் ஐலண்ட் என்னும் தீவை எழுப்பினார்கள். மலையும் குடியிருப்பாயிற்று, கடலும் துறைமுகமாயிற்று என்று உலகம் மெச்சிய பணி அது. அந்த மண், இங்கே மனைகளுக்கு நாம் அடிக்கும் கிராவலைப்போல மக்கிய கருங்கல் மண்தான். 1995 ஜனவரி 17ஆம் நாள் நிலநடுக்கத்தில், நீரில் ஊறியிருந்த அந்த மண்ணின் துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடியை இழந்து, தரை சேற்றுக்குழம்பாக மாறியது. மணலும் நீரும் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. துறைமுகச் சுவர்கள் கடல் பக்கமாகச் சரிந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே தளர்வாகக் கிடக்கும் மண்ணை அதிர்வு கொடுத்து இறுக்கிய பிறகே அதன்மேல் கட்டவேண்டும் என்பதைக் கோபே பெரும் இழப்போடு காட்டியது.

கேள்வி: வேலூர்க் கோட்டையும் செயற்கைத் தீவுதானா?
– மாணவி, வேலூர்

பதில்: இல்லை, அம்மா. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோட்டை இயல்பான நிலத்தின்மேல் நிற்கிறது. அதைச் சுற்றி அகழி வெட்டப்பட்டது. நீரில் மண் போட்டு நிலம் செய்வதற்கு நேர்மாறான வேலை அது.

கேள்வி: எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடைக்கும் புதுக் கட்டடங்களுக்கும் தோண்டிய மண் தெருவோரங்களில் மலைபோலக் கிடந்தது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. இந்த மண்ணை ஆற்றின் நடுவே திட்டாகக் குவித்துப் பூங்காத் தீவு அமைக்கக் கூடாதா? அல்லது சதுப்பேரியிலாவது அமைக்கலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பாலாற்றில் கூடவே கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வறண்டு கிடக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு மட்டுமே. நந்திமலையில் தொடங்கி 348 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் உண்மையான நீர்த்தேக்கம் அதன் மணல்தான். கரையோர ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் அந்த மணலுக்குள் நிற்கும் நீரைத்தான் இறைக்கின்றன. பல ஆண்டுகளாக அளவில்லாமல் அள்ளப்பட்டு எஞ்சியிருக்கும் அந்த மணலின்மேல், தெருவில் தோண்டிய களிமண்ணையும் செங்கல் உடைசலையும் பரப்பினால், வெள்ளம் வரும் சில நாட்களில்கூட நீர் கீழே இறங்க வழியில்லாமல் அடைத்துவிடுவோம்.

வெள்ளம் வராது என்ற நம்பிக்கையும் தவறானது. 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் இறங்கிய வெள்ளம் வாணியம்பாடியை அழித்து, நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2021 நவம்பரில் கரை நிறைந்து ஓடிய வெள்ளத்தை இதைப் படிக்கும் பலரும் பாலத்தின்மேல் நின்று பார்த்திருப்பீர்கள். ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தால், வெள்ளம் அதன் இரு பக்கமும் குறுகிய வழியில் வேகம்கொண்டு ஓடும்; திட்டுக்கு மேற்பக்கம் நீர்மட்டம் உயர்ந்து கரையோரத் தெருக்களுக்குள் ஏறும்; கீழ்ப்பக்கம் பாலத் தூண்களின் அடிமணலை அரிக்கும். மாண்ட்ரியலின் செயின்ட் லாரன்ஸ் ஆண்டு முழுவதும் பெருக்கெடுத்து ஓடும் ஆறு. பத்து ஆண்டுகள் உறங்கி ஒரே இரவில் எழும் ஆற்றுக்கு அந்த எடுத்துக்காட்டு பொருந்தாது.

ஏரியின் செய்தி வேறு. வெளியிலிருந்து ஒரு லாரி மண் கொண்டுவந்து கொட்டினாலும் ஏரியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறையும். ஆகவே தெருமண்ணுக்கு ஏரியில் இடமில்லை. ஏரியிலேயே தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டாகக் குவித்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். முழுக் கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே நிற்கும் மண், ஓரிடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைத்ததுதான். அந்த மட்டத்துக்கு மேலே எவ்வளவு மண் நிற்கிறதோ அவ்வளவுக்கு மட்டுமே கொள்ளளவு கூடும். அதே வண்டல் கரையை உயர்த்தவோ வயலுக்கு உரமாகவோ போனால் தோண்டிய அளவு முழுவதும் நீருக்குக் கிடைக்கும். உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய், ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி அளித்துவருவதும் அதற்காகத்தான்.

இருந்தாலும், பெரிய ஏரிகளில் ஒன்றிரண்டு சிறு திட்டுகளை நான் மனமார வரவேற்பேன். நாற்புறமும் நீர் சூழ்ந்த திட்டில் கருவேலம் வளர்ந்தால், நாயும் மனிதரும் அண்டாத அந்த மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். திட்டு மதகுக்கும் கலங்கலுக்கும் நீர்வரத்துக் கால்வாயின் வாய்க்கும் எதிரே இருக்கக் கூடாது. அதற்குப் பாலமும் படகுத்துறையும் போடக் கூடாது. போட்டால் அது பூங்காவாகிவிடும், பறவை வராது.

தெருமண்ணைப் பொறுத்தவரை, கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளை நிரப்பவும், சாலைக் கரைகளை உயர்த்தவும், புதுக் கட்டடங்களின் தரைமட்டம் ஏற்றவும் அது பயன்படும். இங்கிலாந்தில் லண்டன் ரயில் சுரங்கத்திலிருந்து வந்த முப்பது லட்சம் டன்னுக்கும் மேலான மண்ணை வாலஸீ தீவுக்குக் கொண்டுபோய், முன்பு கடலைத் தடுத்து வயலாக்கிய தாழ்நிலத்தை உயர்த்தி, மீண்டும் பறவைகளுக்கான சதுப்புநிலமாக்கினார்கள். எனக்குத் தெரிந்த அகழ்மண் திட்டங்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி: எங்கள் ஊரில் பழைய தோல் பதனிடும் பட்டறை இருந்த மனையைத் தோண்டும்போது சில இடங்களில் மண் மஞ்சளாக வருகிறது. அதையும் டிப்பரில் ஏற்றி ஏரிப் பக்கம் கொண்டுபோகிறார்கள். இதனால் தீங்கு உண்டா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: உண்டாகலாம், அந்த மண்ணைச் சோதிக்காமல் நகர்த்த விடாதீர்கள், அம்மா. தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு, மண்ணில் சேர்ந்தபின் பெரும்பாலும் நீரில் எளிதில் கரையாத வகையாகிவிடும். ஆனால் குரோமியத்தின் இன்னொரு வகை மஞ்சள் நிறமுடையது, நீரில் கரைந்து நிலத்தடியில் பரவுவது, புற்றுநோய் உண்டாக்குவது. மண்ணின் மஞ்சளுக்கு இரும்புத் தாதுபோன்ற தீங்கற்ற காரணங்களும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்தில்தான் அறியமுடியும். நச்சு கலந்த மண் மேட்டில் கிடக்கும்போது செய்யும் தீங்கைவிட, நீருக்குள் இறங்கினால் செய்யும் தீங்கு பல மடங்கு பெரிது.

நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்பதும், தீங்கு உறுதிப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். மண் எடுக்கும் மனையின் சர்வே எண், கொட்டும் ஏரியின் பெயர், லாரி போன நாள் ஆகிய மூன்றையும் அதில் குறிப்பிட்டு, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொட்டிய மண் இருந்தால், அடுத்த மழைக்கு முன் அதை அள்ளச் சொல்லியும் அதே மனுவில் கேளுங்கள்.