டெஸ்ட் நாளில் யார் ஓட்டுவது?

அன்புள்ள ஐயா,

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் சீசன் நடுவே டெஸ்டிங், அதாவது காரை டிராக்கில் ஓட்டிச் சோதிப்பது, திரும்ப வர வேண்டும், வந்தால் அதை ரிசர்வ் டிரைவர்களிடம், அதாவது ரேஸ் டிரைவர் வர முடியாதபோது இறங்கும் மாற்று டிரைவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டப்போவது அவர்கள் இல்லையே? காரின் குறை நிறை தினம் அதை ஓட்டுகிறவருக்குத்தானே தெரியும்? எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2006, 2007-ல் வில்லியம்ஸ் டீமில் டெஸ்ட் டிரைவராக இருந்தார். அங்கே அவருக்கு ரேஸ் சீட், அதாவது ரேஸ் ஓட்டும் இடம், கிடைக்கவில்லை. அப்புறம் எதற்கு இந்தச் சலுகை?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

நரேனுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே வில்லியம்ஸில் 2006-ல் டெஸ்ட் டிரைவராக இருந்த அலெக்ஸாண்டர் வுர்ட்ஸ் அடுத்த வருடம் ரேஸ் சீட்டில் உட்கார்ந்தார், கனடாவில் மூன்றாவதாகவும் வந்தார். 2007-ல் நரேனோடு டெஸ்ட் வேலை பார்த்த கசுகி நகாஜிமா அந்த சீசனின் கடைசி ரேஸிலேயே இறங்கினார். மெக்லாரன் டீமில் டெஸ்ட் டிரைவராக இருந்த பெட்ரோ டி லா ரோசா 2006-ல் மொன்டோயாவின் இடத்துக்கு வந்து ஹங்கேரியில் இரண்டாம் இடம் பிடித்தார். அந்தக் காலத்தில் டெஸ்ட் டிரைவர் என்பது முழுநேர வேலை. அது எல்லோரையும் கரை சேர்க்கவில்லை, சிலரைச் சேர்த்தது. 2009-ல் சீசன் நடுவே டெஸ்டிங்கைத் தடை செய்தபோது அந்த வேலையே போய்விட்டது.

தடை வந்த வருடமே அதன் விளைவும் தெரிந்தது. 2009 ஹங்கேரி ரேஸுக்கு முந்தின குவாலிஃபையிங்கில் (யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சுற்று), முன்னால் போன பாரிகெல்லோவின் காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஃபெராரி டிரைவர் ஃபெலிப் மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது. அவர் இடத்துக்கு, ஓய்வு பெற்றிருந்த முன்னாள் சாம்பியன் ஷூமாக்கர் வருவதாக இருந்தது. பழகிக்கொள்ள அந்த வருடத்து காரில் ஒரு டெஸ்ட் வேண்டும் என்று ஃபெராரி கேட்டது, மற்ற சில டீம்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்துக் காயம் காரணமாக ஷூமாக்கரும் விலகிவிட்டார். கடைசியில் ஃபெராரியின் நெடுநாள் டெஸ்ட் டிரைவர் லூக்கா படோயர் இறங்கினார். ஃபெராரி கார்களை அவரளவுக்குச் சோதித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் வாலென்சியாவில் கடைசி, ஸ்பாவிலும் கடைசி. இரண்டே ரேஸில் அவரை மாற்றிவிட்டு ஃபிசிகெல்லாவைக் கூப்பிட்டார்கள். படோயர் பத்து வருடமாக ரேஸ் ஓட்டாதவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த சீசனில் அந்தக் காரை டிராக்கில் பழகிக்கொள்ள அவருக்கு வழியே இல்லை. அத்தனை வருட அனுபவம் இருந்த மனிதரை உலகமே கேலி செய்தது. இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் உண்டு.

காரின் குறை தினம் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும் என்கிறீர்கள். பாதிதான் சரி. டெஸ்ட் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் முன் சக்கரத்துக்குப் பின்னால் கம்பி வலை மாதிரி ஒரு பெரிய சட்டத்தை மாட்டுவார்கள். அதில் வரிசையாகச் சென்சார்கள், காற்று எப்படிப் போகிறது என்று அளக்க. டிரைவருக்கு வரும் உத்தரவு, இந்த நேர்ப்பாதையில் இந்த வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் பிடி என்பதுதான். அப்புறம் பெட்ரோல் அளவு மாறாமல், ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றிச் சில லேப் (சுற்று). பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி மறுபடி சில லேப். இதற்குச் சாம்பியன் தேவையில்லை. ஒரே மாதிரி ஓட்டத் தெரிந்த, பொறுமையான ஒருவர் போதும். காரை ஓட்டுவது போலவே கணினியில் காட்டும் சிமுலேட்டரில் மாதக்கணக்காக உட்கார்ந்த ரிசர்வ் டிரைவர் நிஜக் காரை ஓட்டினால் இன்னொரு லாபமும் உண்டு. சிமுலேட்டர் சொல்வதும் டிராக் சொல்வதும் எங்கே வேறுபடுகிறது என்று இன்ஜினியரிடம் நேரடியாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

பிரேக்கை மிதிக்கும்போது காலுக்குக் கிடைக்கும் உணர்வு, ஸ்டியரிங் கனம், இதிலெல்லாம் ரேஸ் டிரைவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். சரி, அதற்கு ரேஸுக்கு முன் வெள்ளிக்கிழமை நடக்கும் பிராக்டிஸ் இருக்கிறதே.

விதி போட்டுக் கட்டாயப்படுத்தாவிட்டால் எந்த டீமும் ரிசர்வ் டிரைவருக்கு நாள் ஒதுக்காது. 2013-ல் மெர்சிடீஸ் பார்சிலோனாவில் டயர் கம்பெனி பிரெல்லிக்காக மூன்று நாள் டயர் டெஸ்ட் செய்தது, அதுவும் தடையை மீறி அந்த வருடத்து காரில். ஓட்டியவர்கள் அந்த டீமின் ரேஸ் டிரைவர்கள் ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும். மற்ற டீம்களுக்கு விஷயம் தெரிந்ததும் புகார் போனது. தண்டனை என்ன தெரியுமா? கண்டனம், அதோடு சில்வர்ஸ்டோனில் நடக்கவிருந்த இளம் டிரைவர் டெஸ்டில் மெர்சிடீஸ் கலந்துகொள்ளக் கூடாது. ஓட்டியது நட்சத்திரங்கள், நாளை இழந்தது இளையவர்கள். அந்த டெஸ்டிலும், பிரிட்டிஷ் ரேஸில் டயர்கள் வெடித்ததால், மற்ற டீம்களின் ரேஸ் டிரைவர்களை உள்ளே விட்டார்கள்.

விதி இருந்தபோது பலன் இருந்தது. 2018, 2019-ல் சீசன் நடுவே நான்கே நாள் டெஸ்ட், அதில் இரண்டு நாள் இளையவர்களுக்கு. 2018-ல் ஹங்கேரியில் ஜார்ஜ் ரஸ்ஸல் மெர்சிடீஸை ஓட்டி முதலிடத்து நேரம் போட்டார், அடுத்த வருடம் வில்லியம்ஸில் ரேஸ் டிரைவர். 2020-ல் அந்த நான்கு நாளும் போய்விட்டது.

இப்போது சீசன் நடுவே ரிசர்வ் டிரைவர்களுக்கு மிஞ்சியிருப்பது பழைய கார்களில் ஓட்டமும் வெள்ளிக்கிழமை முதல் பிராக்டிஸில் சில மணி நேரமும். புதியவர்களுக்கு ஒவ்வொரு டீமும் விட்டுக்கொடுக்க வேண்டிய பிராக்டிஸை 2025-ல், சீசனில் ஒரு காருக்கு இரண்டு என்று கூட்டினார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் உடம்பு பழகாது. 2022-ல் இத்தாலியின் மோன்ஸாவில் வில்லியம்ஸ் டிரைவர் ஆல்பனுக்குக் குடல்வால் அழற்சி வந்ததால் ரிசர்வ் டிரைவர் நிக் டி ஃப்ரீஸ் சனிக்கிழமை வில்லியம்ஸில் ஏறினார். முந்தின நாள்தான் ஆஸ்டன் மார்ட்டினில் பிராக்டிஸ் ஓட்டியிருந்தார். ஒன்பதாவதாக வந்து புள்ளி எடுத்தார், ஆனால் தோள் இரண்டும் செத்துப்போய் காரிலிருந்து இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. 2024-ல் சவூதியின் ஜெட்டாவில் ஃபெராரி டிரைவர் சைன்ஸுக்கும் அதே குடல்வால், பதினெட்டு வயது பேர்மன் ஃபெராரியை ஓட்டி ஏழாவதாக வந்தார். இவர்கள் சமாளித்துவிட்டார்கள் என்பதற்காக இனி வருகிறவர்களையும் இப்படியே தூக்கிப் போடலாமா?

விதி எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தால் சீசனில் நான்கு நாள் டெஸ்ட் வைப்பேன். மூன்று நாள், அந்த டீமின் ரிசர்வ் டிரைவர் என்று பதிவான ஒருவருக்கு. ஒரு நாள் டயருக்கு, அதை மட்டும் ரேஸ் டிரைவர்கள் ஓட்டட்டும். வெடிக்கும் டயரில் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகப்போவது அவர்கள், அதில் அவர்கள் பேச்சுதான் முதலில் கேட்கப்பட வேண்டும்.

அன்புடன்.