கட்டிலைக் காப்பாற்றுவோம்

கேள்வி: என் கணவர் வங்கி அதிகாரி. ஐம்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்றுக்கொண்டார், பொறுத்துக்கொண்டேன். இப்போது சொந்தமாகவே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யப் போகிறாராம். அதற்கு என் அம்மா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலைக் கேட்கிறார். மாடி அறையில் கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்கிறார். போதாக்குறைக்கு எங்கள் பூனை அவருடைய கிட்டார் பெட்டிக்குள் நான்கு குட்டி போட்டிருக்கிறது. கட்டிலைக் கொடுக்கலாமா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்கக் கூடாது. உங்கள் கேள்வியில் கட்டில் மூன்று முறை வருகிறது, கணவர் ஒரே ஒரு முறை. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதில் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் ‘சும்மா கிடக்கிறது’. சீர்க் கட்டில் எந்த வீட்டிலும் ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. மேலே விருந்தாளிக்கான மெத்தை, இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, ஜிப் போன சூட்கேஸ். கீழே கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, அதற்குள் போன வருடத்துப் புளி, புளிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பணம். இத்தனையும் தாங்கி நிற்கிற ஒன்றை ‘சும்மா’ என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளையால்தான் முடியும். அதைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் என்ன போடுவார்? மரத்தூளை அமுக்கிப் பசை போட்டு ஒட்டிய பலகைக் கட்டில். முதல் மழைக்காலத்தில் ஊதும், இரண்டாவதில் உதிரும். இந்தப் பலகையைப் பற்றி இதே பக்கத்தில் முன்பு எழுதியபோது ஒரு பர்னிச்சர் கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். பரவாயில்லை, இன்னொரு தடவை எழுதியாயிற்று.

உங்கள் கணவரின் திட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டில் கிட்டார் செய்யக் கிளம்புகிற எல்லோருக்கும் குலதெய்வம் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே. 1963இல், லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில், பதினாறு வயதுப் பையனாக அப்பா ஹரால்டோடு சேர்ந்து கிட்டார் செய்ய உட்கார்ந்தவர். கடையில் நல்ல கிட்டார் வாங்க வசதியில்லை. பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்தை அறுத்துக் கழுத்து செய்தார்கள். அதிலிருந்த பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் தந்திகளின் இழுவைக்கு ஈடுகொடுத்தன. மொத்தச் செலவு 8 பவுண்டு என்பார்கள். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேல் நின்று அவர் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான்.

அப்பாவும் பிள்ளையும் என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கழுத்தில் ஸ்வர இடங்களைக் காட்டுகிற வெள்ளைப் புள்ளிகள் அம்மா ரூத்தின் தையல் பெட்டியிலிருந்து போன முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஸ்வரத்தை ஆட்டுகிற கைப்பிடியின் முனை அவருடைய பின்னல் ஊசி. அந்த அம்மாளிடம் கேட்டு எடுத்தார்களா, கேட்காமலா என்பதுதான் என் கவலை. வீட்டுப் பட்டறைக்கு மூலப்பொருள் எப்போதும் வீட்டுப் பெண்களின் பெட்டியிலிருந்துதான் போகிறது.

இப்போது உங்கள் கையில் ஓர் ஆயுதம் தருகிறேன். உலகமே கொண்டாடும் அந்தக் கிட்டாரின் உடம்பில் நடுவே கொஞ்சம் பழைய ஓக் மேஜைத் துண்டு; மற்றதில் பெரும்பகுதி பிளாக்போர்டு (கரும்பலகை இல்லை, மரக்கட்டைத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை), மேலே மெல்லிய மஹோகனித் தோல். நம் ஆசாரிகள் அலமாரிக் கதவுக்குப் போடுகிற அதே பிளாக்போர்டு! எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அசைவைப் பிடிப்பது பிக்கப்பில், அதாவது தந்திக்குக் கீழே பதித்த பெட்டியில், உள்ள காந்தமும் கம்பிச்சுருளும். தேக்கு பாடும், பிளாக்போர்டு பாடாது என்பதெல்லாம் பெரும்பாலும் மரம் விற்பவர்கள் கட்டிவிட்டது. ‘சரி, அப்படியானால் சாதாரணக் கிட்டாரே செய்கிறேன்’ என்று கட்சி மாறினாலும் விடாதீர்கள். அதற்கு மேல்பலகை லேசான ஸ்ப்ரூஸ் மரத்தில், 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் இருக்க வேண்டும். உங்கள் தேக்கு அதற்கு ரொம்பக் கனம், எண்ணெய்ப் பசை வேறு. கடைசியாக, ‘கழுத்துக்கு மட்டும் ஒரு சட்டம்’ என்று இறங்கி வருவார். மூன்று சட்டத்துக் கட்டிலில் யார் படுப்பது என்று கேளுங்கள்.

இந்த வயதில் தேவையா? தேவைதான். அதே பிரையன் மே பாட்டுக்காகப் பாதியில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து முடித்து, 2007இல் அறுபது வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆரம்பமே சாதகம். கழுத்தில் ஸ்வர இடங்களைப் பிரிக்கிற குறுக்குக் கம்பிகளை, அதாவது ஃப்ரெட்டுகளை, எங்கே பதிப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் கம்பியின் இடம் வரும். 650 மில்லிமீட்டர் தந்திக்கு 36.5. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது கம்பி சரியாகப் பாதியில், 325இல் வந்து நிற்க வேண்டும். குறையும் நிலுவைக்கு வட்டி போடுகிற அதே கணக்கு. வங்கிக்காரர் தூக்கத்தில் போடுவார்.

கணினி இல்லாத காலத்தில் இதை, வெறும் 18ஆல் வகுத்தால் போதும், 18க்கு 17 பங்கு மிஞ்சும் என்று சுருக்கிக் கொடுத்தவர் இத்தாலியின் வின்சென்சோ. லூட் என்ற பழைய தந்தி வாத்தியம் வாசித்தவர். 1581இல் அதை நூலில் எழுதினார். அதே வருடம் மூத்த மகனை மருத்துவம் படிக்க பீசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். பையன் பட்டம் வாங்காமலே வெளியே வந்தான். பெயர் கலிலியோ. ஆறாம் வகுப்பிலேயே நீட் பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

பூனை செய்தது சரி. உள்ளே மெத்தென்ற துணி, இருட்டு, மூடி. பிரசவத்துக்கு அதைவிட நல்ல அறை உங்கள் வீட்டில் இருக்காது. 8 வாரம் பெட்டியைக் கேட்காதீர்கள். தந்தி மாற்றும்போது வெட்டி எறியும் கம்பி நுனிகளை மட்டும் அவரையே பொறுக்கி டப்பாவில் போடச் சொல்லுங்கள். குட்டி விழுங்கினால் குடல் கிழியும்.

‘ஸ்வரத்தை வளைத்து அசைக்கிற கமகம் வராத வாத்தியத்துக்கு இத்தனை வரியா?’ என்று மயிலாப்பூர் நண்பர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். அவருக்கு: ஜான் மெக்லாஃப்லின் என்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் ஃப்ரெட்டுகளான மெட்டுகள் உயரம்; விரல் மரத்தில் படாது, தந்தியை இழுத்துக் கமகம் பேசலாம். இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்த சக்தி இசைக்குழுவில் அவர் வாசித்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து அதே வசதியைக் கொண்டுவந்தார்கள். கமகம் வந்தது. இதே கமகத்தைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் ஓரளவு தளர்த்தியது. அத்தனை வருடமும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. நண்பர் இதற்கும் மூன்று பக்கம் எழுதுவார். எழுதட்டும். தபால்தலையை மட்டும் ஒழுங்காக ஒட்டி அனுப்பட்டும், ஒவ்வொரு முறையும் அபராதம் கட்டுவது நான்தான்.