ஐந்து நாளில் ஆறிவிடுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு இரவு நான் கார் ஓட்டி வந்தபோது, எதிரே வந்த லாரி மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த என் தோழி அங்கேயே இறந்துவிட்டாள். எனக்குக் கை முறிந்ததோடு சரி. லாரிமேல்தான் தப்பு என்று விசாரணையில் தெளிவாகிவிட்டது. மோதிய நொடியிலேயே அவள் உயிர் போயிருக்கும் என்று டாக்டரும் சொன்னார். ஆனால் நான் நினைவோடுதான் இருந்தேன். இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷமாவது இருக்கும். நான் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இன்றும் யாராவது இண்டிகேட்டர் போட்டால் என் உடம்பு விறைத்துவிடுகிறது.

ஒரு வருடத்துக்கும் மேலாக வாரம் ஒரு முறை கவுன்சலிங் போகிறேன். விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இப்போது என் தெரபிஸ்ட், காலையும் மதியமுமாக ஐந்து நாள் தொடர்ச்சியான ட்ராமா (மன அதிர்ச்சி) சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். "மூணு வருஷமா ஆறாதது அஞ்சு நாள்ல ஆறிடுமா?" என்கிறார் கணவர். "ஆறின புண்ணைக் கிளறாதே" என்கிறாள் அக்கா. எனக்கோ உடைந்துபோய்விடுவேனோ என்று பயம். இன்னொன்றும் உண்டு. எல்லாம் சரியாகி, நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு திரிந்தால் அவளுக்கு அது நியாயமா? நான் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

போகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அதற்கும் முன்னால் உங்கள் அக்காவுக்கு ஒரு வார்த்தை. ஆறின புண் என்கிறார். ஆறியிருந்தால் ஒரு இண்டிகேட்டர் சத்தத்துக்கு உடம்பு ஏன் விறைக்க வேண்டும்? அவர் அக்கறையில் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே தோல் மூடிக்கொண்டதை அவர் பார்க்கிறார், உள்ளே இருப்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் வாராந்திர ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உள்ளே போய் உட்கார்ந்து, இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். கடைசிப் பத்து, பதினைந்து நிமிஷம் உங்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பத் தேவை. அழுத கண்ணோடு ஒருவரைத் தெருவில் விட முடியாது இல்லையா? மிச்சம் இருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில், விபத்து நடந்த இரவின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். பிறகு ஆறு நாள் இடைவெளி. அந்த ஆறு நாளும் மனசு சும்மா இருப்பதில்லை. அந்தச் சாலை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறீர்கள். காரில் பின் சீட்டில் உட்கார்ந்து காதில் பாட்டை வைத்துக்கொள்கிறீர்கள் (உங்கள் கடிதத்தில் இது இல்லை, என் ஊகம்தான். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்). ஒவ்வொரு முறை விலகிப் போகும்போதும் மூளை ஒரே பாடத்தைத்தான் படிக்கிறது: "நல்லவேளை, தப்பித்தோம். அப்படியானால் அது ஆபத்துதான்." அடுத்த வாரம் நீங்கள் வந்து உட்காரும்போது, போன வாரம் திறந்த கதவு மறுபடி தாழ் போட்டிருக்கிறது.

தொடர் சிகிச்சை அந்த ஆறு நாளை எடுத்துவிடுகிறது. உங்களிடம் செய்யப்போவது புதிதாக எதுவும் இல்லை, வாராவாரம் செய்ய வேண்டிய அதே வேலைதான். நேற்று மாலை எங்கே விட்டீர்களோ, இன்று காலை அங்கிருந்தே தொடங்கலாம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. வெகு நாள் நானும் அவர் கட்சியில்தான் இருந்தேன். மெதுவாகப் போனால்தான் பத்திரம் என்று நம்பி, என்னிடம் சிகிச்சைக்கு வந்து, அந்த வேலையைத் தாங்கக்கூடியவர்களையும் மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன். என் எண்ணத்தை மாற்றியது ஆய்வுகள்தான். அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர்களின் குழு 121 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2014-ல் வெளியிட்டது. ட்ராமா நினைவை நேரடியாக எடுத்துப் பேசும் ஒரே சிகிச்சையை ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் வாராவாரம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஏறக்குறைய ஒரே வாரத்துக்குள், மொத்தம் 18 மணி நேரம்வரை கொடுத்தார்கள். வாராவாரம் வந்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் பி.டி.எஸ்.டி-யிலிருந்து (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) வெளியே வந்தார்கள். ஒரு வாரத்தில் முடித்தவர்களில் 73 பேர். ட்ராமாவைத் தொடாமல் ஆறுதலாகப் பேசும் கவுன்சலிங் பெற்றவர்களில் 43 பேர். எதுவுமே கிடைக்காமல் காத்திருந்தவர்களில் 7 பேர்.

இதைக் கணவரிடம் காட்டுங்கள். 73-ம் 77-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொடர் சிகிச்சை கூடுதலாக எதையும் சாதித்துவிடவில்லை, அதே இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் போதாமல் போனது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. உங்களிடம் யாராவது "கட்டாயம் குணமாகும்" என்று எழுதிக் கொடுத்தால் அங்கே போகாதீர்கள்.

ஆனால் நான் கணக்கில் அதிகம் உற்றுப் பார்த்தது 43-ஐ. ஆறுதல் பேச்சும் உதவுகிறது, ஆனால் பாதியளவுதான். ஒரு வருடமாக உங்களுக்குக் கிடைத்து வந்தது அநேகமாக அதுதானோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் தெரபிஸ்ட் அதை உணர்ந்துதான் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

சரி, அந்த ஐந்து நாளில் என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் திட்டம் போடுவதிலேயே போகும். உங்களைப் பற்றி, அவளைப் பற்றி, இப்போதைய வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு. பிறகு அந்த இரவு. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதைப் போல, கிளம்பியதிலிருந்து சொல்லச் சொல்வார்கள். "அப்புறம்?" "அப்போ மனசுல என்ன ஓடிச்சு?" என்று தெரபிஸ்ட் கூடவே வருவார். முழுக் கதையும் ஒரே அளவுக்கு வலிக்காது. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தொண்டை அடைக்கும். உங்களுக்கு அது எந்த இடம் என்று தெரபிஸ்ட் தேட வேண்டியதே இல்லை. மோதிய கணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். டிக் டிக் சத்தத்துக்கு நாலு வரி.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வேலை. "அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தப்போ அதுக்கு என்ன அர்த்தம்னு தோணுது?" என்று கேட்பார். "நான் அவளைத் தனியா சாக விட்டுட்டேன்" என்று நீங்கள் சொல்லக்கூடும். இப்போது, டாக்டர் சொன்ன ஒரு உண்மை உங்கள் கையில் இருக்கிறது: மோதிய நொடியிலேயே அவள் போய்விட்டாள். மூன்று வருடமாக இது உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் ஒரு அறையில் இருக்கிறது, டிக் டிக் சத்தம் இன்னொரு அறையில் அடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்தித்ததே இல்லை. பெரும் பயத்தில் பதியும் நினைவு, நாள், நேரம், பின்னால் நடந்தது என எதனோடும் கோக்கப்படாமல் தனியாகக் கிடந்துவிடுகிறது என்று இந்தத் துறையில் விளக்குகிறார்கள். அதனால்தான் அது நினைவாக வராமல் இப்போது நடப்பதாக வருகிறது. ஆகவே, உங்களை மறுபடி அந்தச் சத்தத்துக்குள் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, அங்கே வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வைப்பார்கள்: "இப்போ அவ இல்ல. கூப்பிட்டாலும் கேக்க அங்க யாரும் இல்ல. அவ தனியா எதையும் அனுபவிக்கல." ஒரு தடவையில் ஒட்டாது. காலையில் ஒட்டாதது மதியம் கொஞ்சம் ஒட்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஐந்து நாள் என்பதற்கு அர்த்தம் இதுதான்.

நீங்கள் கூப்பிடாதது பற்றியும் பேச்சு வரும். எதிர்க்கவும் ஓடவும் வழியில்லாதபோது உடம்பு உறைந்துபோகும். அது நம் அனுமதி கேட்டு நடப்பதில்லை. விலங்குகளிடமும் உண்டு. கை முறிந்து, நெரிந்த இரும்புக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் குணக்கேடு எங்கே இருக்கிறது?

மூன்றாவது, நான்காவது நாளில் இண்டிகேட்டரை நிஜமாகவே போட்டுக் கேட்க வைப்பார்கள் என்று எதிர்பாருங்கள். நின்றிருக்கும் காரில், பகலில். அன்றைக்கு இருட்டு, இன்றைக்கு வெளிச்சம். அன்றைக்குக் கை அசையவில்லை, இன்றைக்கு அசைக்க முடிகிறது, அசைத்துப் பாருங்கள். இப்படி அன்றையும் இன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குவார்கள். சிலர் விபத்து நடந்த இடத்துக்கும் அழைத்துப் போவதுண்டு.

உங்கள் தெரபிஸ்ட் சொல்வது இ.எம்.டி.ஆர் முறையாகவும் இருக்கலாம். ஃப்ரான்சின் ஷாபிரோ 1987-ல் தொடங்கியது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் பின்தொடர்வீர்கள். பார்க்க வித்தையைப் போல இருக்கும், கண் அசைவு ஏன் உதவுகிறது என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனால் பலன் சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பி.டி.எஸ்.டி-க்கு ட்ராமாவை மையமாக வைத்த சி.பி.டி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இ.எம்.டி.ஆர் இரண்டும் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த முறை?" பதிலில் ஒரு பெயர் வர வேண்டும். "எல்லாம் கலந்து செய்வோம், மனசு லேசாகிடும்" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வார இறுதி முகாம் ஒன்றில் முப்பது பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தி அழ வைத்து, ஞாயிறு மாலை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தார். அவரைத் தரையில் காலூன்ற வைக்கவே இரண்டு மாதம் ஆனது. திறக்க யாருக்கும் தெரியும், மூடத் தெரிந்திருக்க வேண்டும். எனவே இரண்டாவது கேள்வி, "ஐந்து நாள் முடிந்த பிறகு யார் என்னைப் பார்ப்பார்கள்?" அடுத்த வாரம் ஒரு சந்திப்பு, பிறகு சில மாதம் மாதத்துக்கு ஒன்று என்று தேதி போட்டுத் தர வேண்டும்.

உடைந்துவிடுவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும். மாலையில் அடித்துப் போட்டது போலக் களைப்பு, இரண்டு மூன்று நாள் மோசமான கனவுகள், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். நெதர்லாந்தில் இப்படி எட்டு நாள் தீவிர சிகிச்சை கொடுக்கிறார்கள். வருபவர்களில் பலருக்குச் சின்ன வயதுக் கொடுமைகள், பல வருடத் துன்பம். 347 பேரைப் பற்றி 2018-ல் வந்த அறிக்கையின்படி, நடுவில் விட்டுப் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மனிதர்கள் தாங்குகிறார்கள். யார் காத்திருக்க வேண்டும் என்றால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது தீவிரமாக இருப்பவர்கள், மனச்சிதைவு அல்லது மிகை எழுச்சியின் (மேனியா எனும் கட்டுக்கடங்காத மனக் கிளர்ச்சி) உச்சத்தில் இருப்பவர்கள், குடி அல்லது போதையிலிருந்து விடுபடும் முதல் நாள்களில் இருப்பவர்கள், ஆபத்து இன்னும் முடியாமல் அடிப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் முதலில் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், அதற்கான ஏற்பாடு முதலில். மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

விடுப்பு ஐந்து நாளுக்குப் போடாமல் எட்டு நாளுக்குப் போடுங்கள். அந்த நாள்களில் கார் ஓட்ட வேண்டாம். கணவர் கொண்டுபோய் விட்டு, அழைத்து வரட்டும். "இன்னிக்கு என்ன பேசினீங்க?" என்று அவர் கேட்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, சிரித்துக்கொண்டு திரிந்தால் அவளுக்கு நியாயமா என்று. உங்களைத் தடுத்து வைத்திருப்பது உடைந்துவிடும் பயத்தைவிட இதுதான் என்று நினைக்கிறேன். விறைத்துப் போகும் உடம்பை நீங்கள் அவளுக்குச் செலுத்தும் கடனாக வைத்திருக்கிறீர்கள். கடன் தீர்ந்தால் உறவும் தீர்ந்துவிடுமோ என்று பயம். இந்த வரியை அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டு போய் தெரபிஸ்டிடம் கொடுங்கள். சிகிச்சைக்கு இது இடைஞ்சல் என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள், இதற்கும் அந்த ஐந்து நாளில் இடம் வேண்டும். இந்தச் சிகிச்சை முடித்தவர்களிடம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்: பயம் அடங்கிய பிறகுதான் துக்கம் வந்தது. இறந்தவரின் கேலி, நடை, சிரிப்பு, பழைய சண்டைகள் எல்லாம் அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தன. உங்களுக்கு இப்போது அவளைப் பற்றி நினைத்தால் பத்து நிமிஷம் மட்டும்தான் வருகிறது. அதற்கு முன்னால் எத்தனை வருடப் பழக்கம்?

உங்கள் கடிதத்தில் "தோழி" என்றும் "அவள்" என்றும்தான் இருக்கிறது. பத்திரிகைக்கு எழுதுவதால் பெயரை விட்டிருக்கலாம், புரிகிறது. ஆனால் முதல் நாள் செஷனில் அவள் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.